காலி வாளியும் வலது கையும்

என் பிடரியில் 'டங்' என்று ஒரு தகர வாளி வந்து இடித்தது. அதே நொடியில் முன்னால் தொங்கிய இன்னொரு வாளி தரையில் இறங்கிக் கவிழ்ந்தது. அதிலிருந்த தண்ணீர் புனிதா டீச்சரின் புதுச் செருப்பையும், மேசைக்கடியில் கிடந்த வருகைப் பதிவேட்டையும் நனைத்துக்கொண்டு கதவுப்பக்கம் ஓடியது. தோளில் ஒரு கம்போடு நான் அறையின் நடுவில் நின்றேன்.

எட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எட்டாவது ஆள் அஞ்சலை அக்கா. அவர் அடக்கவில்லை.

போன வாரம் நான் எழுதிய தபால் நிலையக் கதைகளைப் படித்துவிட்டு, தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எல்லாக் கதையிலும் நீங்களே ஜெயிக்கிறீர்களே, உங்களுக்கு அடிபட்டதே இல்லையா?" பட்டிருக்கிறது அம்மா. பிடரியில் பட்டது. ஓர் இலக்கியத் திறனாய்வுக் கூட்டத்தில் பட்டது.

மைலோ டின்னில் இலக்கியம்

ஈப்போ புந்தோங்கில் ஒரு சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு முறை கூடும். ஒன்பது பேர். செயலாளர் புனிதா டீச்சர், பணி ஓய்வு பெற்றவர்; ஆனால் சிவப்புப் பேனா மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. ஒரு மாதத்துக்கு ஒரே கதை. கரு, பாத்திரம், பின்னணி, நோக்குநிலை, உத்தி, மொழிநடை, முடிவு என்று சீட்டு எழுதி ஒரு பழைய மைலோ டின்னில் போட்டுக் குலுக்குவார். யாருக்கு எது வருகிறதோ அதைத்தான் அவர் ஆராய வேண்டும். 'கரு' வந்தவர் உத்தியில் கைவைக்கக் கூடாது. அடுத்தவர் வீட்டு வேலியைக்கூட நாங்கள் அப்படி மதித்ததில்லை.

அஞ்சலை அக்காவுக்குச் சீட்டு கிடையாது. அவர் உறுப்பினரே இல்லை. சிம்பாங் பூலாயில் பலகாரக் கடை வைத்திருப்பவர். கூட்டத்துக்கு மசால்வடை கொண்டுவருவார், பின்வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியில் நாடகம் பார்ப்பார், காலிப் பாத்திரத்தோடு கிளம்பிவிடுவார். அவர் என்னை 'அண்ணே' என்பார், நான் அவரை 'அக்கா' என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

நான்கு பக்கக் கதை

வாளி இடிக்கக் காரணமான கதை ஒரு பழைய ரப்பர் தோட்டத்துச் சிறுகதை. எழுதியவர் எப்போதோ போய்விட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் கட்சி கட்டிக்கொள்வீர்கள்.

நான்கே பக்கம். பால்மரம் வெட்டும் ஒருவன். மனைவி இறந்து சில நாள் ஆகிறது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள், வந்தேன் என்கிறான். மரம் வெட்டுகிறான். மரத்தில் கட்டிய மங்குகளில் சேர்ந்த பாலை எடுக்கிறான். பால் சுமக்கும் காண்டாக் கம்பின் முன்னால் ஒரு வாளி நிறையப் பால், பின்னால் ஒரு காலி வாளி. அப்படியே தோளில் வைத்து ஸ்டோருக்கு நடக்கிறான். பாலை அளந்து கணக்கெழுதும் கிராணி, "காலி வாளியை ஏன்டா சுமக்கிறே, கழட்டிப் போடு" என்கிறார். அவன், "இருக்கட்டும்" என்கிறான். கதை முடிந்தது.

தனிமை என்ற சொல் கதையில் ஓர் இடத்திலும் கிடையாது. கண்ணீர் கிடையாது. அவன் மனசுக்குள் ஆசிரியர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. வெளியே நின்று அவன் செய்வதை மட்டும் சொல்கிறார். படித்து முடித்தும் அந்த ஆள் மனசை விட்டுப் போக மாட்டான். ஏன் போக மாட்டேன் என்கிறான் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

உத்திச் சீட்டு சிவநேசனுக்கு விழுந்தது.

நேசனும் பின்சீட்டும்

சிவநேசனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என் பதினெட்டு வருட நண்பர். மருத்துவமனை நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம், அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். சட்டை மடிப்புக் கலையாது, பேச்சில் 'ஆமாம்' வராது, 'ஓம்'தான் வரும்.

நாங்கள் தினமும் காலையில் பூங்காவில் நடந்துவிட்டு ஒரே கடையில் டீ குடிப்போம். மாதம் ஒரு முறை அவருடைய காரில் லூமுட்டுக்குப் போய்க் கருவாடு வாங்கி வருவோம். அவர் மனைவி மங்களம் அம்மா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகும் இந்த ஏற்பாடு நிற்கவில்லை. ஒரே ஒரு மாற்றம்: நான் காரில் பின்சீட்டில் உட்கார வேண்டியதாயிற்று.

முன்சீட்டில் ஒரு பழுப்பு நிறக் கைப்பை இருக்கும், பக்கத்தில் மடக்கிய குடை. "இதை எடுத்துப் பின்னால போட்டா என்னலா?" என்பேன். "எடுக்க நேரமில்லை" என்பார். ரெண்டு வருசமாவா நேரமில்லை என்று சிரிப்பேன். அவரும் சிரிப்பார். பின்சீட்டில் நான் காலை நீட்டிக்கொண்டு, டிரைவர் வைத்துக்கொண்ட பெரிய மனுசன் போலச் சாலையில் போகிறவர்களுக்குக் கையாட்டுவேன்.

அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

வாய் செய்த வேலை

வாளி இடித்த நாளுக்கு நான்கு மாதம் முந்திய கூட்டத்தில் நேசன் கட்டுரை படித்தார். காலி வாளி ஒரு குறியீடு, அது இறந்தவளின் இடம், அவன் அந்த இடத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறான், தனிமை என்பது ஆள் இல்லாதது அல்ல, இல்லாத ஆளைச் சுமப்பது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்கு வந்தது பின்னணிச் சீட்டு. நான் தோட்டத்துப் பிள்ளை. சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இதை நான் சொல்லாத கூட்டமே கிடையாது. அப்பாவுக்கு நகராண்மைக் கழகத்தில் வேலை கிடைத்து ஏழு வயதிலேயே நான் ஈப்போவுக்கு வந்துவிட்டதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

"குறியீடும் இல்லே, ஒண்ணும் இல்லே" என்றேன். "காண்டாவுக்கு ரெண்டு பக்கமும் வாளி வேணும். இல்லாட்டி கம்பு நிக்காது. பால் கம்மியா இருந்தா ஒண்ணு காலியாத்தான் இருக்கும். இது யதார்த்தம்லா. தோட்டத்துல பொறந்தவனுக்குத் தெரியும்."

"அது மட்டுமெண்டால் கிராணி ஏன் கேட்கிறார்?" என்றார் நேசன்.

பதில் இல்லாத வாய்தான் ஆபத்தான வாய். "கிராணிக்கு என்ன தெரியும்? உங்க அப்பாவும் கிராணிதானே. பாலை அளந்தவரு, தூக்கினவரு இல்லே" என்று சொல்லிவிட்டேன்.

நேசன் கட்டுரையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். வடை எடுத்துக்கொள்ளவில்லை. அஞ்சலை அக்கா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

எதிரும் புதிருமாக இரண்டு டீ

மறுநாளிலிருந்து நேசன் பூங்காவுக்கு அரைமணி முன்னதாக வந்துவிட்டுப் போனார். எங்கள் வழக்கமான கடைக்கு நான் போகவில்லை, அவர் வந்துவிடுவாரோ என்று. அவரும் போகவில்லை, அதே காரணம். அவர் சாலைக்கு அந்தப்பக்கக் கடைக்குப் போனார், நான் இந்தப்பக்கக் கடைக்கு. நடுவில் எங்கள் பழைய கடைக்காரர், இரண்டு வாடிக்கையும் போன துக்கத்தில், வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கடையில் டீ சகிக்காது. அவர் கடையிலும் அப்படித்தான் என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது. இரண்டு பேரும் நாளிதழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் மேல்விளிம்பு வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். தனிமையைப் பற்றிய கதைக்காகச் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு கிழவர்கள் தனித்தனியாக மோசமான டீ குடித்தார்கள். புனிதா டீச்சர் இதற்கு எந்தச் சீட்டிலும் இடம் வைக்கவில்லை.

என் மனைவி சரோஜா மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தாள். "போயி மன்னிப்புக் கேளுங்களேன். அவருக்கு வீட்டுல பேச ஆளு இல்லே. உங்களுக்கு ஆளு இருந்தும் பேச விசயம் இல்லே" என்றாள். நான் கேட்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பிறகு வட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தது. உறுப்பியத்திலிருந்து விலகுவதாகவும், மாதக் கடைசியில் ஒரேயடியாகக் கோலாலம்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விடப் போவதாகவும் நேசன் எழுதியிருந்தார். கையெழுத்து மணிமணியாக இருந்தது. அதை நான் மூன்று தடவை படித்தேன்.

புனிதா டீச்சர் அதே கதையை மீண்டும் ஒரு முறை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்து இரண்டு பேருக்கும் அழைப்பு அனுப்பினார். சமாதானம் பண்ணத்தான். அது எனக்கும் தெரிந்தது. நேரில் ஒரு வார்த்தை 'தப்புத்தான் நேசன்' என்றால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்வதைவிட நான் சொன்னது சரி என்று நிரூபிப்பது எனக்குச் சுலபமாகத் தோன்றியது.

கம்பு வந்தது

பழைய டவுனில் ஒரு புதுக் காப்பிக் கடை இருக்கிறது. பெரிய ஊர் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொள்ளும் கடை. அதன் சுவரில் அசல் காண்டாக் கம்பு ஒன்றும், இரண்டு பக்கமும் தகர வாளிகளும், வாளிகளில் பெரணிச் செடியும் தொங்கும். கடைக்காரச் சீனப்பெண்ணிடம் அரைநாள் இரவல் கேட்டேன். செடிகளை இறக்கிவிட்டுக் கொடுத்தாள். "அங்கிள், ஜாங்ஙான் காசி ரோசாக் ஆ!" என்றாள். கெடுத்துவிடாதே என்று அர்த்தம். கம்பைத்தான் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரோஜா வாசலில் நின்று பார்த்தாள். "சமாதானத்துக்குப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா? கம்பு எதுக்கு?"

"இலக்கியத்துக்கு" என்றேன்.

கூட்டத்துக்கு நேசன் வரவில்லை. அவர் நாற்காலி காலியாகவே இருந்தது. எனக்குள் ஏதோ சப்பென்று ஆனது. ஆனாலும் கொண்டுவந்த கம்பை வீணாக்க மனமில்லை. ஒரு வாளியில் கழுத்து வரை தண்ணீர் பிடித்தேன், இன்னொன்றைக் காலியாக மாட்டினேன். "இப்ப பாருங்க, தோட்டத்துல எப்படித் தூக்குவாங்கன்னு" என்று சொல்லிக் கம்பின் நடுவைத் தோளில் வைத்து எழுந்தேன்.

முன்வாளி கீழே போனது. கம்பின் பின்முனை மேலே எழும்பியது. காலி வாளி கம்பில் சறுக்கிக்கொண்டு வந்தது. மீதியை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

"வாளி சரியில்லே" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லி அஞ்சலை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "ஏண்ணே, காண்டா தூக்கியிருக்கீங்களா நீங்க?"

"எங்கப்பா தூக்கியிருக்காரு."

"நான் கேட்டது உங்களை."

நான் தூக்கியதில்லை. எனக்கு நினைவிருப்பதெல்லாம், வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் கம்பில் ஒரு தடவை தலையை இடித்துக்கொண்டதுதான். சொன்னேன். அறுபத்தாறு வயதில், எட்டுப் பேர் முன்னால், ஈரக் காற்சட்டையோடு சொன்னேன்.

யாரும் பார்க்காத ஒரு வரி

அஞ்சலை அக்கா வாளியில் மறுபடி தண்ணீர் பிடித்தார். அதில் பாதியை மற்ற வாளியில் ஊற்றினார். கம்பைத் தோளில் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல், அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கையைக்கூடக் கம்பில் வைக்கவில்லை.

"இருவத்துமூணு வருசம் பால்மரம் வெட்டியிருக்கேன்" என்றார். "ஒரு வாளி நெறைய, ஒரு வாளி காலியா எவனும் தூக்க மாட்டான். பால் கம்மின்னா பாதி பாதி ஊத்திக்குவோம்."

"அப்ப எழுத்தாளருக்குத் தெரியாம எழுதிட்டாரா?" என்று புனிதா டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"அப்படியும் தூக்கலாம், டீச்சர். ஆனா பின்னால கையை வச்சு அமுக்கிக்கிட்டே நடக்கணும். ஸ்டோர் போய்ச் சேர்றதுக்குள்ள கை செத்துரும்."

புனிதா டீச்சர் புத்தகத்தைப் பிரித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. அவர் முகம் மாறியது. சண்டை நடந்த கூட்டத்தில் மொழிநடைச் சீட்டு அவருக்குத்தான் வந்திருந்தது. ஒரு வரியை அடிக்கோடிட்டு, 'தேவையற்ற வாக்கியம்' என்று பக்கத்தில் எழுதியிருந்தார். அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

"அவன் வலது கை கம்பின் பின்பக்கத்தில் இருந்தது."

ஒன்பது பேர், ஏழு சீட்டு, இரண்டு கூட்டம். ஒருவரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. எழுதியவருக்குக் காண்டா தெரிந்திருந்தது. பாதி பாதி ஊற்றினால் சுகமாக நடக்கலாம் என்று தெரிந்தும் அவன் ஊற்றவில்லை, காலி வாளியைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எடைக்கு எடை பார்த்தால் அவன் கையைச் சாகடித்தது நிறைந்த வாளி அல்ல, காலி வாளிதான்.

"புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில வெட்டுவோம்" என்றார் அஞ்சலை அக்கா, தரையைத் துடைத்துக்கொண்டே. "முன்வாளி என்னுது, பின்வாளி அவருது. ரெண்டையும் அவருதான் தூக்குவாரு, நான் பின்னால நடப்பேன். அவரு போனப்புறம் நானே தூக்கினேன். அவரு வாளியில என் பாலை ஊத்த மனசு வரலே."

"எவ்வளவு நாள்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூணு நாளுதான்லா. தோள்பட்டை கழண்டு போச்சு. நாலாம் நாள் ஊத்திட்டேன்." துணியைப் பிழிந்தார். "அவரு என்ன, கோவிச்சுக்கவா போறாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஒரு காரின் முன்சீட்டு ஞாபகம் வந்தது. பழுப்பு நிறக் கைப்பையும் மடக்கிய குடையும் ஞாபகம் வந்தன. நேசன் அன்றைக்குக் கதையையா ஆராய்ந்தார்? தன்னைத்தான் எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். நான் அவர் அப்பாவின் உத்தியோகத்தை எடுத்து அவர் மேல் எறிந்தேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

முன்சீட்டு

மறுநாள் காலை நேசன் வீட்டு வாசலில் நின்றேன். வரவேற்பறையில் புத்தகங்கள் பெட்டிகளில் கட்டப்பட்டிருந்தன. அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தார்.

"பிடரியிலே என்ன காணும்?"

"யதார்த்தம்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். செடியை இறக்கியது, வாளி இடித்தது, பதிவேடு நனைந்தது, அக்கா சுற்றி வந்தது. மூன்றாம் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை வெகுநேரம் படித்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி, நேசன். நான் சொன்னது தப்பு. கதையைப் பத்திச் சொன்னதும் தப்பு, உங்க அப்பாவைப் பத்திச் சொன்னது அதைவிடத் தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ர அப்பா பால் தூக்கேல்லைத்தான். அது உண்மை. நீரும் தூக்கேல்லை. தூக்காத இரண்டு பேர் நாலு மாசம் சண்டை பிடிச்சிருக்கிறம்" என்றார். பிறகு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் பிடரி வலித்தது.

"அந்தக் கடை டீ எப்பிடி?" என்று கேட்டார்.

"சகிக்கலே. உங்களுது?"

"கழுநீர்."

காரின் சாவியை எடுத்தார். "வாரும், லூமுட்டுக்குப் போவம். கருவாடு முடிஞ்சு இரண்டு மாசம்."

நான் பழக்கத்தில் பின்கதவைத் திறந்தேன். "முன்னுக்கு வாரும்" என்றார்.

முன்கதவைத் திறந்துகொண்டு நின்றேன். அவர் மறுபக்கத்திலிருந்து குனிந்து, குடையை எடுத்துக் கதவின் பையில் செருகினார். கைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு பையைத் தூக்கிப் பிடித்தார். நான் உட்கார்ந்ததும் என் மடியில் வைத்தார்.

பையில் இன்னும் லேசாக மங்களம் அம்மாவின் தைல வாசனை இருந்தது.

சிக்னல் விளக்கில் கார் நின்றபோது அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உமக்குச் சிரமமாயிருந்தால் பின்னுக்கு வைப்பம்."

"இருக்கட்டும்" என்றேன்.

சித்தியவான் தாண்டியதும்தான், அடுத்த மாதம் என்ன கதை என்று கேட்டார். கோலாலம்பூர்ப் பேச்சை அன்றைக்கும் எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது இரண்டு கிலோ கருவாடு, இரண்டு வருடம் நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து வந்தது.